குப்பைத் தொட்டிக்குப் போகும் காசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். வாங்கியதும் வீணாகிறது, சமைத்ததும் வீணாகிறது, மாதக் கடைசியில் பர்ஸ் காலி. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் சிக்கனமான குடும்பம். பெரிதாக எதையும் கொட்டுவதில்லை. ஆனாலும் மளிகைச் செலவு குறையவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கொட்டுவதில்லை என்று எல்லா வீட்டிலும்தான் சொல்கிறோம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. கடைகளும் உணவகங்களும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. வீட்டுக் கணக்கு மட்டும் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரி 79 கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் ஆறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல், எலும்பு, கொட்டை எல்லாம் இதில் அடக்கம் என்பதால் முழுப் பழியையும் நம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். வசதியான நாடு, நடுத்தர நாடு என்று பார்த்தாலும் வீட்டளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

எனவே முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். குப்பைத் தொட்டிக்கு மேலே ஒரு தாளை ஒட்டி, போடுவதற்கு முன் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன பொருள், அது வாங்கும்போது எவ்வளவு காசு, ஏன் போகிறது. இந்த 'ஏன்'தான் முக்கியம். வாங்கியதை மறந்துவிட்டீர்களா, அளவுக்கு மீறிச் சமைத்தீர்களா, வைத்த இடம் சரியில்லையா, தட்டில் மிஞ்சியதா? நான்குக்கும் தீர்வு வேறு வேறு. மறதியால் வீணாகும் வீட்டில் குறைவாகச் சமைத்து என்ன பயன்?

எடையைப் பார்க்காமல் காசைப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒரு கிலோ காய்கறித் தோல் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி இறைச்சியோ சீஸோ போனால் அன்றைய காய்கறிச் செலவே போனது மாதிரி. வாரக் கடைசியில் பாருங்கள், திரும்பத் திரும்ப வருவது மூன்று நான்கு பொருள்களாகத்தான் இருக்கும். அவற்றை மட்டும் பிடியுங்கள்.

மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்று பெரிய பாக்கெட்டாகவே வாங்குகிறோம். இது சரிதானே?

அரிசி, பருப்பு, உப்பு என்றால் சரி. அழுகும் பொருளுக்கு ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒரு கிலோ 100 என்று விற்கும் பழத்தை, மூன்று கிலோ எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். 240 கொடுத்து எடுத்து வருகிறீர்கள். அதில் ஒரு கிலோ அழுகிப்போனால், சாப்பிட்டது இரண்டு கிலோ. ஆக, கிலோவுக்குக் கொடுத்தது 120. தள்ளுபடி இல்லாமல் வாங்கியவரைவிட நீங்கள் அதிகம் கொடுத்திருக்கிறீர்கள்!

மனதில் வைத்துக்கொள்ள எளிய வழி: தள்ளுபடி எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் வீணானால் லாபம் பூஜ்யம். அதற்கு மேல் வீணாவதெல்லாம் கைக்காசு. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது 50 சதவீதத் தள்ளுபடி, அதனால் அதில் நஷ்டப்படுவது கொஞ்சம் கடினம். ஆனால் அந்தப் பொருளை வாங்கும் எண்ணமே இல்லாமல் கடைக்குள் போயிருந்தால் கணக்கு வேறு.

பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதி தாண்டிய மறுநாளே என் மருமகள் எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறாள். நான் சொன்னால் பழைய காலத்து ஆள் என்கிறாள். யார் சொல்வது சரி?

பாதி அவர், பாதி நீங்கள். பல நாடுகளில் இரண்டு விதமான தேதி போடுகிறார்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்தத் தேதி வரை சுவையும் மொறுமொறுப்பும் முழுசாக இருக்கும் என்று பொருள். பிஸ்கட், பாஸ்தா, டின் உணவு, மாவு போன்றவற்றில் இது இருக்கும். சரியாக வைத்திருந்து, பாக்கெட் உப்பாமல், நிறமும் வாடையும் மாறாமல் இருந்தால் தேதி தாண்டியும் சாப்பிடலாம். இங்கே நீங்கள் ஜெயித்தீர்கள்.

'யூஸ் பை' என்பது பாதுகாப்புக்கான தேதி. பச்சை இறைச்சி, மீன், சமைத்துப் பாக்கெட் போட்ட உணவு போன்றவற்றில் வரும். இதில் முகர்ந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. நோய் தரும் கிருமிகள் பல, வாடையே இல்லாமல் வளரும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகக்கூடியது. அந்த வகையில் மருமகள் சொல்வதைக் கேளுங்கள். தேதி வருவதற்கு முன்பே ஃப்ரீசரில் போட்டுவிட்டால் இருவருக்கும் சண்டை இல்லை.

கீரை, கொத்தமல்லி, வெள்ளரி என்று எது வாங்கினாலும் மூன்றாம் நாள் வாடிவிடுகிறது அல்லது கொழகொழவென்று ஆகிவிடுகிறது. ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன்.

ஃபிரிட்ஜில் வைத்தால் போதாது, எதன் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஆப்பிள், வாழை, தக்காளி, மாம்பழம், பேரிக்காய், அவகாடோ இவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். கீரை, வெள்ளரி, பிரக்கோலி, கேரட் ஆகியவற்றுக்கு அந்த வாயு ஆகாது. கீரை சீக்கிரம் மஞ்சளாகும், வெள்ளரி மெத்தென்று ஆகும், கேரட் கசக்கும். பெரும்பாலான வீடுகளில் ஃபிரிட்ஜின் அடி டிராயரில் இவை எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. இரண்டு டிராயர் இருந்தால் எத்திலீன் விடுபவை ஒன்றில், மற்றவை இன்னொன்றில். டிராயரில் நகர்த்தும் சின்ன மூடி இருந்தால், கீரைக்கு மூடி வையுங்கள், ஈரம் தங்கும். பழத்துக்குத் திறந்து வையுங்கள், வாயு வெளியேறும்.

அடுத்து ஈரம். கீரைக்கு ஈரக்காற்று வேண்டும், ஆனால் இலை மேல் நிற்கும் தண்ணீர் கூடாது. வாங்கி வந்ததும் கழுவி அப்படியே பையில் கட்டினால் கொழகொழப்பு நிச்சயம். கழுவாமல் வையுங்கள், கழுவியே ஆக வேண்டுமென்றால் நன்றாக உலர்த்தி, மெல்லிய துணியிலோ தாளிலோ சுற்றி டப்பாவில் வையுங்கள். கொத்தமல்லி, புதினாவின் தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்து, மேலே பையைக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைத்தால் பல நாள் வரும்.

வெறுமனே வாடியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் இலை நீரை உறிஞ்சி மறுபடி நிமிரும். கொழகொழத்து நாறினால் நிமிராது, விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் திணிப்பதும் தவறு. வாழைக்காய்க்குச் சுமார் 13 டிகிரிக்குக் கீழே குளிர் ஆகாது, பழுக்காமலே கறுத்துவிடும். தக்காளி பழுக்கும் வரை வெளியே இருக்கட்டும். நன்றாகப் பழுத்து, உடனே தீர்க்க முடியாவிட்டால் மட்டும் உள்ளே. அப்புறம், ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க உள்ளே வைத்துக் காலையில் பார்த்தால் தெரியும். கதவுப் பகுதிதான் அதிகம் சூடேறும் இடம். பாலை அங்கே வைக்க வசதியாக இருக்கும், ஆனால் பாலுக்கு நல்லதில்லை.

மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனம் வரவில்லை. இரவு வெளியிலேயே வைத்து, காலையில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டால் கிருமி செத்துவிடாதா?

காசு மிச்சம் பிடிப்பதைப் பற்றி எழுதும் நானே இங்கே மட்டும் 'கொட்டுங்கள்' என்கிறேன். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சமைத்தாலும் அவை சாவதில்லை. சோறு அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு சூடாக்கினாலும் அழியாது. கிருமி செத்தாலும் அது விட்டுச்சென்றது அப்படியே இருக்கும்.

மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பாடு முடிந்ததும் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே, ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள். சமைத்த மற்ற உணவுகளுக்கு இரண்டு மணி நேரம். அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் இருக்கலாம். பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும், ஆழம் குறைந்த சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள்.

ஆனால் தினமும் மிஞ்சுகிறதென்றால் இந்தக் கேள்வியே சமைப்பதற்கு முன் கேட்க வேண்டியது. அரிசியைக் கண்ணால் அளக்காமல் ஒரே கப்பால் அளந்து, மிஞ்சும் அளவைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தால், ஓரிரு வாரத்தில் உங்கள் வீட்டின் அளவு பிடிபட்டுவிடும்.

பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா?

கடினமான சீஸ், கேரட் போன்ற கெட்டியான காய் என்றால், பூஞ்சையைச் சுற்றியும் ஆழத்திலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுச் சாப்பிடலாம். ரொட்டி, ஜாம், தயிர், மென்மையான பழம், சமைத்த உணவு என்றால் முழுவதும் போக வேண்டியதுதான். மென்மையான பொருளுக்குள் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும்.

முட்டை தண்ணீரில் மிதந்தால் கெட்டதா?

பழையது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாவதால் மிதக்கிறது. தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள். கெட்டிருந்தால் மூக்கே சொல்லிவிடும். வாடை இல்லையென்றால் முழுக்க வேக வைத்துச் சாப்பிடுங்கள்.

ஃப்ரீசரில் போட்டால் வீணாகாது என்றார்கள். இப்போது ஃப்ரீசர் நிறைய என்னவென்றே தெரியாத கட்டிகள்தான் இருக்கின்றன.

ஃப்ரீசரில் போடுவது தள்ளிப்போடுவதுதான், தீர்ப்பதில்லை. பெயரும் தேதியும் எழுதாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். இன்று நன்றாகத் தெரியும் பொருள் அடுத்த மாதம் பழுப்பு நிறக் கல். ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள், சீக்கிரம் உருகும். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும்வரை கிருமி வளராது. ஆனால் சமைத்த உணவின் சுவை இரண்டு மூன்று மாதத்தில் மங்கத் தொடங்கும். பச்சைக் காய்களைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, குளிர்நீரில் ஆறவைத்து, நீரை வடித்துவிட்டு உறைய வையுங்கள்.

ஃப்ரீசரால் அதிகம் பயன் ரொட்டிக்குத்தான். ஃபிரிட்ஜில் வைத்தால் ரொட்டி வெளியில் இருப்பதைவிட வேகமாகக் காய்ந்து கெட்டியாகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டிய துண்டை மட்டும் எடுத்து வாட்டிக்கொள்ளலாம்.

தோலில் துவையல், தண்டில் சூப் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். செய்தால் எவ்வளவு மிச்சமாகும்?

பிடித்தால் செய்யுங்கள், சிலது ருசியாகவே இருக்கும். பிரக்கோலித் தண்டைத் தோல் சீவி உபயோகிப்பது நல்ல பழக்கம். ஆனால் தோலைக் காப்பாற்ற எண்ணெயும் கேஸும் அரை மணி நேரமும் செலவழித்து, அதே நாளில் மேல் தட்டில் அரை டப்பா இறைச்சி வீணாவதைக் கவனிக்காமல் விடுவது சிக்கனமில்லை. முளைத்த உருளைக்கிழங்கையும் 'வீணாக்கக் கூடாது' என்று சமைக்க வேண்டாம். சின்ன முளை என்றால் தோண்டி எடுத்துவிடலாம். பச்சையாகி, நிறைய முளைத்து, சுருங்கியிருந்தால் உள்ளே சோலனின் போன்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். வேக வைத்தாலும் போகாது. உருளையை இருட்டான, குளிர்ச்சியான இடத்தில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பிள்ளைகள் தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறார்கள். அதட்டினால் அழுகை.

அதட்ட வேண்டாம், குறைவாகப் பரிமாறுங்கள். பாத்திரத்தில் இருப்பது நாளைக்கு ஆகும், தட்டில் எச்சில் பட்டது ஆகாது. இரண்டாவது முறை கேட்டால் தாராளமாகப் போடுங்கள்.

எல்லாம் செய்கிறேன். ஆனால் சந்தைக்குப் போவது என் அப்பா. அவருக்குப் பை நிறையாவிட்டால் திருப்தி இல்லை. என்ன செய்ய?

பட்டியலில் பெயரோடு எண்ணிக்கையையும் எழுதுங்கள். 'தக்காளி' என்று எழுதினால் இரண்டு கிலோ வரும். 'தக்காளி 6' என்றால் பேரம் பேசி எட்டு வரும், பரவாயில்லை. கிளம்புவதற்கு முன் அவரையே ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மிச்சம் கிடக்கும் காயை அவர் கண்ணால் பார்ப்பது, நீங்கள் பத்து முறை சொல்வதைவிட வேலை செய்யும். கண் மட்டத்துத் தட்டில் 'முதலில் இதை' என்று ஒரு டப்பா வைத்து, சீக்கிரம் தீர்க்க வேண்டியதையெல்லாம் அதில் போடும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு பை கூடுதலாக வந்தால், வந்த அன்றே பாதியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். நான்கு நாள் கழித்துக் கொடுத்தால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.