ரிக்கவரிக்குக் கொடுத்த ஹார்டு டிஸ்க்கைக் கடைக்காரர் தர மறுக்கிறார், என்ன செய்வது?

கேள்வி: அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகாததால் ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி மதுரையில் ஒரு டேட்டா ரிக்கவரி கடையில் கொடுத்தேன். அப்பாவின் குரல் பதிவுகள், குடும்பப் போட்டோக்கள், அவர் வைத்திருந்த கடையின் கணக்கு எல்லாம் அதில்தான். 4,500 ரூபாய், டேட்டா வராவிட்டால் காசு வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். இப்போது டிஸ்க்கில் டேட்டாவைப் படிக்கும் ஹெட் போய்விட்டது, வேறு டிஸ்க் வாங்கி அதன் ஹெட்டை மாற்றினோம், 18,000 கொடுத்தால்தான் டிஸ்க்கையே தருவோம் என்கிறார்கள். ரசீதின் பின்னால் "டேட்டா இழப்புக்குக் கடை பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறது. கடைப் பையன் வேறு, "உங்க அக்கா கல்யாண போட்டோ எல்லாம் பாத்தேன்" என்கிறான். போலீசுக்குப் போகலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: போகலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பிவிடுவார்கள், அதற்குள் கடைக்காரர் உஷாராகிவிடுவார். உங்களுக்கு இப்போது வேண்டியது டிஸ்க் கைக்கு வருவது, பணச் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

டிஸ்க் உங்களுடையது, அதில் சந்தேகமே வேண்டாம். தையற்கடையில் கொடுத்த துணி, மெக்கானிக்கிடம் விட்ட வண்டி மாதிரிதான் இதுவும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் 148-ஆம் பிரிவு தொடங்கி இதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் அதே சட்டத்தில் கடைக்காரருக்கும் ஒரு பிடி இருக்கிறது. ஒரு பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலவழித்து வேலை செய்தவர், அதற்குரிய கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது 170-ஆம் பிரிவு. உங்கள் கடைக்காரர் வக்கீல் வைத்தால் அவர் முதலில் எடுப்பது இதைத்தான். எந்தக் கூலி என்பதுதான் கேள்வி. பேசியது 4,500, அதுவும் டேட்டா வந்தால். பாதியில் அவராக ஏற்றிய 18,000 அந்தக் கூலி ஆகாது. இங்கே ஒன்றை நன்றாக யோசித்துப் பாருங்கள்: நடுவில் அவர் போன் செய்து "பார்ட் மாத்தணும், செலவாகும்" என்றபோது "சரி, பாத்துக்கோங்க" என்று சொன்னீர்களா? சொல்லியிருந்தால் வழக்கு கொஞ்சம் தளர்ந்துவிடும், உங்கள் வக்கீலிடம் அதை மறைக்காதீர்கள்.

ஹெட் மாற்றுவது உண்மையிலேயே செலவு பிடிக்கும் வேலைதான், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓடும் டிஸ்க்கில் ஹெட்டுக்கும் டேட்டா பதிந்திருக்கும் தட்டுக்கும் இருக்கிற இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தூசி விழுந்தாலும் தட்டு கீறிவிடும், அதனால் தூசியில்லாத தனி அறையில்தான் திறக்க வேண்டும். அப்படிப்பட்ட வசதியே இல்லாத கடையில் மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்திருந்தால், அது வழக்கில் உங்களுக்குச் சாதகம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே, யார் திறந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ரசீதின் பின்பக்க வாசகத்துக்கு வருவோம். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பாரதி நிட்டிங் கம்பெனி, டிஎச்எல் கூரியர் மீது தொடுத்த வழக்கில், கையெழுத்திட்ட ஆவணத்தில் இருந்த "இவ்வளவுக்கு மேல் பொறுப்பல்ல" என்ற வரம்பு செல்லும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கையெழுத்து இல்லாமல், யாரும் எடுத்துச் சொல்லாமல், பொடி எழுத்தில் அச்சடித்தது மட்டும் என்றால் எதிர்த்து வாதாட நல்ல இடம் இருக்கிறது. எப்படி இருந்தாலும் அந்த வரி டேட்டா போவதைப் பற்றித்தான் பேசுகிறது, டிஸ்க்கைத் தராமல் வைத்துக்கொள்ள அதில் அனுமதி இல்லை.

பையன் பார்த்த போட்டோ விஷயம். மீட்ட கோப்பு திறக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை, அதற்காகக் கேஸ் போட முடியாது. அனுமதியில்லாமல் தனக்கென நகல் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகள் வரும், தீய நோக்கத்தோடு வெளியே விட்டால் 72A வரும், இரண்டிலும் மூன்று வருடம் வரை சிறை. ஆதாரம் இல்லாமல் இப்போதே குற்றம் சாட்டாதீர்கள். மிரட்டல் மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் தயங்காமல் சைபர் குற்றப் பிரிவுக்குப் போங்கள்.

இனி செய்ய வேண்டியது. ரசீதில் டிஸ்க்கின் சீரியல் எண் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அதை உடனே வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள், நாளைக்கு வேறு டிஸ்க்கை நீட்டினால் அது ஒன்றுதான் காப்பாற்றும். பழைய சாட் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அடுத்து ஒரு நோட்டீஸ்: பேசிய 4,500-ஐத் தரத் தயார், 15 நாளில் டிஸ்க்கையும் மீட்ட டேட்டாவையும் கொடுங்கள், உங்களிடம் இருக்கும் நகல்களை அழித்துவிட்டு எழுதிக்கொடுங்கள்.

மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். மதுரைக்கு அலைய வேண்டாம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வழக்கு முடியும்வரை டிஸ்க்கைச் சேதப்படுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 38(8) பிரிவில் இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள். மனுவில் குடும்பப் போட்டோவையும் குரலையும் முன்னால் வையுங்கள், கடைக் கணக்கைப் பெரிதாக்கினால் "இது வியாபார நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை" என்று கிளப்புவார்கள். லட்சக்கணக்கில் இழப்பீடு வரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

இவ்வளவுக்கும் பொறுமையில்லை, அம்மா அந்தக் குரலை இப்போதே கேட்க வேண்டும் என்கிறாரா? மீட்ட கோப்புகளின் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள், இரண்டு கோப்பைத் திறந்தும் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே வந்திருந்தால் 18,000-ஐக் கொடுத்துவிட்டு, அதிகமாக வாங்கிய 13,500-க்கு வழக்குப் போடலாம். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக மட்டும். "டிஸ்க்கைத் தர மறுப்பதால் ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்ற செய்தி முதலில் போகட்டும், பணம் அதற்குப் பிறகு.