பத்துக்குப் பத்து

அன்புள்ள ஐயா,

மருத்துவமனை ஒன்றில் 22 ஆண்டுகளாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். நோயால் முடங்கியவர்களை அன்றாடக் காரியங்களை மீண்டும் தாங்களே செய்யப் பழக்குவது என் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் துறைத்தலைவர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து நோயாளியின் கையைவிட வருகைப் பதிவேட்டைத் தொட்டதே அதிகம். எங்களை இன்னமும் 'பிசியோ' என்றே அழைக்கிறார்கள். தமிழில் நிலையான பெயர்கூட இல்லை. பதவியை விட்டுவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகலாமா? ஒவ்வொரு நோயாளியும் முதலில் எதைச் செய்ய ஆசைப்பட்டார் என்று 14 நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். அவை ஆய்வுக்கு உதவாது என்றார்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ம., மதுரை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ம.,

முதலில் அந்த நோட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பிசியோ என்று அழைப்பதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் புலம்பியிருந்தீர்கள். அழைத்துவிட்டுப் போகட்டும். செயல்முறை மருத்துவம், தொழில்வழி சிகிச்சை, எதுவானால் என்ன? கை வராமல் கிடப்பவருக்கு அதில் அக்கறை இல்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம் என் அப்பாவின் திதி. பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. நான்கு மாதத்தில் நடந்துவிட்டார், கை மட்டும் வரவில்லை. இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். மருத்துவமனையில் பார்தெல் அளவுகோலை வைத்து மதிப்பெண் போட்டார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்கிறாரா என்று 10 தலைப்புகளில் 100க்கு மதிப்பிடும் பட்டியல் அது. அமெரிக்காவின் மேரிலாந்தில் மஹோனி என்ற மருத்துவரும் பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் 1965இல் வெளியிட்டது. சாப்பாட்டுக்கு 10. உணவை வெட்டிக்கொள்வது, உப்பும் மிளகும் போட்டுக்கொள்வது, வெண்ணெய் தடவுவது என்றெல்லாம் மூலத்தில் இருக்கிறது. தட்டை அருகில் வைத்தால் அப்பா தானே சாப்பிட்டுவிடுவார். பத்துக்குப் பத்து.

அந்தப் பத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அத்தை மகள் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை மண்டபத்துக்கு வெளியே காரிலேயே இருந்தார். நாலு பேர் நடுவில் இடது கையால் இலையைத் தொட அவருக்குக் கூசியது. மதிப்பெண் போட்டவர் பொய் சொல்லவில்லை. கேள்வி வேறு ஊர்க் கேள்வி.

உங்களைப் போன்ற ஒரு பெண்தான் இதைக் கண்டுகொண்டார். அதுவரை கூம்புகளை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் அம்மாவிடம், "இவர் எதற்கு ஏங்குகிறார்?" என்று கேட்டார். மறுநாள் அம்மா குழைந்த தயிர்சாதம் கொண்டுபோனார். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு, நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி. பிசைந்து உருட்டுவது இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. உருட்டியதைக் கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவதுதான் வரவில்லை. பாதி சட்டையில் விழும். அது வர மூன்று மாதம் ஆயிற்று. ரசம் சாதம் கடைசிவரை வரவேயில்லை. பார்தெல் பட்டியலில் இந்த மூன்று மாதத்துக்கு இடமில்லை. முன்பும் பத்து, பின்பும் பத்து.

நோயாளியையே கேட்கும் கனடா அளவுகோல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தனக்கு முக்கியமான காரியங்களை அவரே சொல்லி, அவரே 10க்கு மதிப்பெண் போடுவார். அப்பா 'ஒன்று' போட்டிருப்பார். அவரிடம் யாரும் அதை நீட்டவில்லை. நீங்கள் 14 நோட்டு நிறையக் கேட்டிருக்கிறீர்கள். யாரோ உதவாது என்றாராம், இவர் எடைக்குப் போடப்போகிறாராம்! 22 ஆண்டு வேலை கிலோ என்ன விலைக்குப் போகும், அம்மா? பார்தெல் பட்டியல் மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது? அதுவும் மருத்துவமனையில் நோயாளிகளோடு இருந்தவர்கள் போட்டதுதான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது, வேட்டி கட்டுவது, கோலத்துக்கு மாவை விரலிடுக்கில் விடுவது, இதற்கெல்லாம் மதிப்பெண் போட மேரிலாந்திலிருந்து ஆள் வர வேண்டுமா?

பதவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கும் அவர்தான் தலைமை. உங்கள் துறைத்தலைவர் நாற்காலி அதைவிடவா கட்டிப்போடுகிறது? பதிவேட்டை மத்தியானம் பாருங்கள், காலையில் வார்டுக்குப் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். 'கையால் சாப்பிட வேண்டும்' என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம்.