கேள்வி – பதில்: ஆழத்து மீனுக்கு ஏன் இவ்வளவு கொழுப்பு?

கே: அமெரிக்கா–கனடா எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரியில், லேக் டிரவுட் என்ற ஒரே மீனினம் மேலே ஒல்லியாகவும் ஆழத்தில் கொழுத்தும் இருக்கிறதாமே. தீனி வித்தியாசமா, பரம்பரையா?

ப: பெரும்பங்கு பரம்பரைதான். ஒல்லி வகையை ‘லீன்’ என்றும் கொழுத்ததை ‘சிஸ்கோவெட்’ என்றும் அங்கே சொல்கிறார்கள். சுமார் 80 மீட்டர் ஆழம்வரை லீன் அதிகம். அதற்குக் கீழே சிஸ்கோவெட்டின் ராஜ்யம். ஏரியின் உச்ச ஆழம் 406 மீட்டர். இரண்டின் முட்டைகளையும் பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஒரே தண்ணீரில், ஒரே தீவனத்தில் வளர்த்த ஆய்வு 2010இல் வெளியானது. நீளம் ஏறக்குறைய ஒன்றுபோலவே கூடியது. சிஸ்கோவெட்டின் சதையில் கொழுப்பு கூடுதலாக ஏறியது. தீனிதான் காரணமென்றால் தொட்டியில் அந்த வித்தியாசம் மறைந்திருக்க வேண்டும். இதுபோன்ற சோதனையில் ஒரு பொறி உண்டு: தாய் முட்டைக்குள் வைத்த மஞ்சள்கருவின் தரமும் குஞ்சின் வளர்ச்சியில் தெரியும். தொட்டியிலேயே வளர்ந்த மீன்களின் குஞ்சுகளையும் அளந்தால்தான் அந்தச் சந்தேகம் தீரும்.

கே: கொழுப்பால் மீனுக்கு என்ன லாபம்?

ப: மிதக்கலாம். 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே ஒரு லிட்டராக இருந்த காற்று, 100 மீட்டரில் சுமார் 90 மில்லிதான். டிரவுட்டின் காற்றுப்பை தொண்டையோடு இணைந்தது. மேலே வந்து காற்றை விழுங்கித்தான் நிரப்பியாக வேண்டும். கொழுப்புக்கு அந்தப் பாடில்லை. அது தண்ணீரைவிட லேசு, அழுத்தத்தில் சுருங்குவதும் சொற்பம். இரவில் இரை மேலே ஏறும்போது சிஸ்கோவெட்டும் கூடவே ஏறி, பகலில் இறங்கிவிடும்.

கே: ஆழத்துக்கு ஏற்ற மாற்றம் என்று ஒரு ஜீனையாவது சுட்டிக்காட்ட முடியுமா?

ப: முடியும், கண்ணில் இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரோடாப்சின் புரதத்தின் 261ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருந்தால், ஃபினைலாலனின் என்ற அமினோ அமிலம் இருப்பதைவிடச் சுமார் 10 நானோமீட்டர் சிவப்புப் பக்கமாக உணர்திறன் நகரும். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடுவதால், ஆழத்தில் ஃபினைலாலனினுக்குத்தான் வேலை. சிஸ்கோவெட்டுக்கு இரையாகும் ‘கியி’ என்ற ஆழ்நீர் மீனிடம் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

கே: டிரவுட் டிஎன்ஏவை வரிசைப்படுத்தினோம். சில இடங்களில் எல்லா மீன்களுக்கும் A, G என்ற டிஎன்ஏ எழுத்துகள் இரண்டும் வருகின்றன. மாதிரி கெட்டுவிட்டதா?

ப: எல்லா மீனிலும், அதே சில இடங்களில் மட்டும் என்றால் மாதிரி மேல் பழி போடாதீர்கள். டிரவுட், சால்மன் குடும்பத்தின் முன்னோரில் மரபணுத்தொகுதி முழுவதுமே இரட்டித்துவிட்டது. ஒரு நகலில் A, மற்றதில் G இருக்க, மென்பொருள் இரண்டையும் ஒரே இடமாக அடுக்கிவிடுகிறது. பாதிக்கு மேற்பட்ட மீன்களில் இரண்டெழுத்து காட்டும் இடங்களையும், வாசிப்பு எண்ணிக்கை (அந்த இடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பது) சராசரியைப்போல் இரு மடங்காக நிற்கும் இடங்களையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். A–G விகிதம் 3:1 என்று வந்தாலும் அப்படியே. ஆனால் 1:1 வந்துவிட்டதே, தாய்வழி ஓர் எழுத்து, தந்தைவழி ஓர் எழுத்து என்று நம்பிவிடக் கூடாது. நீங்கள் சொல்லும் இடங்களிலும் 1:1தான் வந்திருக்கும்.

எழுத்துக்கலப்பு இடம் பாராமல், ஒரு சில மீன்களில் மட்டும் பரவலாகத் தெரிந்தால் மாதிரி வெட்டிய கத்தரிக்கோலைச் சந்தேகப்படலாம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அதைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். துடுப்பில் அரை சென்டிமீட்டர் துண்டு போதும், 95 சதவீத எத்தனாலில் மூழ்க வையுங்கள். குழாயில் சதையைத் திணித்தால் அதிலுள்ள தண்ணீர் எத்தனாலை நீர்க்கவைத்து, டிஎன்ஏ சிதைந்துவிடும்.