ஸ்கூபா டைவிங் ஆசை இருக்கு, பயமும் இருக்கா? வாங்க, கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். 11 வருஷமா ஸ்கூபா சொல்லிக்குடுக்குறேன். தைரியசாலிங்கள விட கை நடுங்கிட்டே வர்றவங்களுக்கு சொல்லிக்குடுக்கத்தான் எனக்கு பிடிக்கும், ஏன்னா நானே முதல் நாள் 2 மீட்டர் ஆழத்துல இருந்து மூணு தடவ மேல ஓடி வந்தவ. எது வேணா கேளுங்க, சின்ன கேள்வின்னு வெக்கப்பட வேணாம்.

தக்கை: அக்கா எனக்கு நீச்சல் சுத்தமா தெரியாது. ஸ்கூபா பண்ண முடியுமா முடியாதா?

எதுக்குன்னு பாக்கணும் தம்பி. சும்மா ஒரு தடவ உள்ள போய் பாத்துட்டு வரணும்னா ட்ரை டைவ் இருக்கு, இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துலயே இருப்பாரு, பி.ஏ.டி.ஐ.ல, அதாவது டைவிங் சொல்லிக்குடுத்து சர்டிஃபிகேட் தர்ற சர்வதேச அமைப்புல, அதுக்கு 12 மீட்டர்தான் எல்லை, நிறைய இடத்துல நீச்சல் டெஸ்ட்டும் வைக்க மாட்டாங்க. ஆனா ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்ப கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கி 18 மீட்டர் வரைக்கும் போகணும்னா நிக்காம 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் மிதக்கணும். 200 மீட்டருக்கு டைம் கிடையாது, எந்த ஸ்டைல்ல வேணா போங்க, ஆமை மாதிரி போனாலும் பாஸ்தான்.

என் கருத்து கேட்டா, ட்ரை டைவ்வுக்கே கூட முதல்ல மல்லாந்து மிதக்க கத்துக்கோங்க. தண்ணி நம்மள தூக்கும்னு உடம்புக்கு தெரிஞ்சுட்டா பாதி பயம் அங்கயே போயிடும்.

பயந்தபூனை: மேடம் போன மாசம் ட்ரை டைவ் போனேன். உள்ள போன கொஞ்ச நேரத்துலயே மூச்சு பத்தல, சிலிண்டர்ல காத்தே வரலன்னு நினைச்சு கைய காட்டி மேல வந்துட்டேன். இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டர் காத்தோட அழுத்தம் காட்டுற மீட்டர பாத்துட்டு 170 பார் இருக்கே, நல்லாதான வருதுன்னு சொன்னாரு. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

உங்களுக்கு மட்டும் இல்ல, இன்னைக்கு காலைல கூட ஒருத்தருக்கு இதேதான். இத கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காத்த வாய்க்கு கொண்டு வர்ற கருவி, நீங்க எவ்ளோ இழுத்தாலும் அவ்ளோ காத்து குடுக்கும், அதுல குறை இல்ல. பயந்தா நாம என்ன பண்றோம்னா சின்னச்சின்னதா வேகமா உள்ள இழுக்குறோம், வெளிய விடுறதே இல்ல, விட்டாலும் பாதிதான். பழைய காத்து நுரையீரல்ல அப்படியே நிக்குது, கார்பன் டை ஆக்சைடு ஏறுது. மூச்சு முட்டுற உணர்ச்சிய கிளப்பறது பெரும்பாலும் இந்த கார்பன் டை ஆக்சைடுதான், ஆக்சிஜன் குறைஞ்சதால இல்ல. அது ஏற ஏற இன்னும் இழுக்கணும்னு தோணும், இன்னும் வேகமா இழுப்போம், இன்னும் ஏறும். சிலிண்டர் நிறைய காத்து இருக்கும், நமக்கு மட்டும் இல்லாத மாதிரியே இருக்கும்.

அதனால மூச்சு பத்தலன்னு தோணின உடனே இழுக்காதீங்க, விடுங்க. அப்படியே நின்னு, கயிறோ இன்ஸ்ட்ரக்டர் கையோ எதையாவது பிடிச்சுக்கிட்டு, குமிழி சத்தம் நிக்குற வரைக்கும் நீளமா ஊதுங்க. அடுத்த மூச்சு தானா ஆழமா உள்ள வரும். இப்படி நாலஞ்சு தடவ பண்ணா நெஞ்சு படபடப்பு இறங்கிடும். அடுத்த தடவ போறப்ப தரையிலயே ரெகுலேட்டர வாயில வச்சு அஞ்சு நிமிஷம் உக்காந்து மூச்சு விட்டு பழகுங்க, ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடர் மூச்சு விடுற மாதிரி வர்ற அந்த சத்தம் பழகிட்டா உள்ள போய் திக்குனு இருக்காது. அவசரப்படுத்துற இடமா இருந்தா வேற இடம் பாருங்க.

கணக்குபுலி: அப்போ மூச்ச அடக்கி அடக்கி விட்டா காத்து மிச்சமாகும்ல?

வேணவே வேணாம். ஸ்கூபால முதல் விதியே மூச்ச அடக்கக்கூடாதுங்கிறதுதான். 10 மீட்டர்ல அழுத்தம் மேல இருக்கிறத விட ரெண்டு மடங்கு, அங்க நுரையீரல் நிறைய காத்த இழுத்து அடக்கிட்டு மேல வந்தா அந்த காத்து ரெண்டு மடங்கா விரியும். நுரையீரல் கிழியும், காத்து ரத்தத்துல கலக்கும், மூளைக்கு போனா உயிருக்கே ஆபத்து. ஆழம் கம்மியான நீச்சல் குளத்துல கூட இது நடக்கலாம். சிலிண்டர் இல்லாம தம் கட்டி முங்குறவங்களுக்கு இந்த பிரச்சனை வராது, அவங்க மேல இழுத்த காத்தோடயே போய்ட்டு அதோடயே வர்றாங்க. நாம கீழயே அழுத்தமான காத்த இழுக்குறோம், அதான் வித்தியாசம். மெதுவா ஆழமா மூச்சு விட்டாலே காத்து தானா மிச்சமாகும்.

காதுவலிகாரி: அக்கா ப்ளேன்லயே எனக்கு காது உயிர் போகும். கடலுக்குள்ள போனா செவுடாயிடுவேனா?

ஆக மாட்டீங்கமா, ஆனா பொறுமை வேணும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம் கூடும். மேல 1, 10 மீட்டர்ல 2, 20ல 3. கணக்கு போட்டு பாத்தா முதல் 10 மீட்டர்லயே காதுக்குள்ள இருக்கிற காத்து பாதியா சுருங்கிடுது, அடுத்த 10ல அவ்ளோ மாற்றம் இல்ல. அதனாலதான் ஆழமா போனா வலிக்கும்னு எல்லாரும் பயப்படுறாங்க ஆனா உண்மையில காது படுத்துறது முதல் நாலஞ்சு மீட்டர்லதான்.

வலி வந்தப்புறம் காது அடைப்ப எடுக்கப் பாக்குறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, வலிக்கிறதுக்கு முன்னாடியே பண்ணணும். மேல இருக்கும்போதே ஒரு தடவ, அப்புறம் அரை மீட்டருக்கு ஒரு தடவ மூக்க பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதுங்க, இல்லனா எச்சில் முழுங்குங்க, தாடைய அசைங்க. தலைகீழா இறங்காதீங்க, கால் கீழ தலை மேல வச்சு கயிற பிடிச்சு இறங்கினா காது ஈஸியா திறக்கும். திறக்கலயா, அரை மீட்டர் மேல ஏறி திரும்ப ட்ரை பண்ணுங்க. அப்பவும் திறக்கலன்னா அன்னைக்கு டைவ் வேணாம். முக்கி முக்கி ஊதுனா உள்காதுல காயம் ஆகும், அது சாதாரண விஷயம் இல்ல.

சளி இருந்தா தண்ணிக்குள்ளயே போகாதீங்க. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கிட்டு போறேன்னு ஒரு கூட்டம் இருக்கு, கீழ இருக்கும்போது மாத்திரை வேகம் குறைஞ்சா மேல வர்றப்ப காத்து உள்ள மாட்டிக்கும்.

மீசைமுருகன்: மாஸ்க்குல தண்ணி ஏறுனதும் எனக்கு உலகமே இருட்டிடுது ப்ரோ... சாரி அக்கா.

பரவால்ல ப்ரோ. எனக்கும் அந்த மாஸ்க்தான் எமன், மூணு தடவ ஓடி வந்தேன்னு சொன்னேன்ல, மூணும் இதுக்குத்தான். மூக்குல தண்ணி பட்டதும் முங்கிட்டோம்னு உடம்பு முடிவு பண்ணிடுது, வாயில ரெகுலேட்டர் நல்லா வேலை செய்யுதுன்னு மூளைக்கு தெரிஞ்சாலும் உடம்பு கேக்காது. நான் இத வாளியில பழகினேன். வாளி நிறைய தண்ணி பிடிச்சு, மாஸ்க் இல்லாம வாயில ஸ்னார்க்கல், அதாவது தண்ணிக்கு மேல நீட்டிட்டு இருக்கிற மூச்சுக்குழல், மட்டும் வச்சு முகத்த உள்ள விட்டு வாய் வழியா மூச்சு விடணும், மூக்கு திறந்தே இருக்கும். முதல் நாள் பத்து எண்ணுறதுக்குள்ள எழுந்துட்டேன், ஒரு வாரத்துல ரெண்டு நிமிஷம் இருந்தேன். வீட்டுல யாராவது பக்கத்துல இருக்கும்போது பண்ணுங்க.

தண்ணிய வெளிய தள்ளுறது அதுக்கப்புறம் ஒன்னுமே இல்ல. மாஸ்க்கோட மேல் விளிம்ப நெத்தியோட அழுத்தி, கொஞ்சம் மேல பாத்து, மூக்கு வழியா நீளமா ஊதணும். காத்து மேல நிக்கும், தண்ணி கீழ் வழியா போயிடும். இறங்கும்போது முகத்த மாஸ்க் கவ்வுற மாதிரி இருந்தாலும் மூக்கால லேசா ஊதினா விட்டுடும். நீச்சல் கண்ணாடி போட்டு டைவ் பண்ணக்கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான், அதுல மூக்கு வெளிய இருக்கு, காத்து குடுக்க வழியே இல்ல.

உங்க பேர பாத்தா மீசை பெருசுன்னு தெரியுது. மூக்குக்கு கீழ மாஸ்க் ஒட்டுற இடத்துல மட்டும் ஒரு கோடு ட்ரிம் பண்ணுங்க, முழுசா எடுக்க வேணாம், கவலப்படாதீங்க.

சோடாபுட்டி: பவர் மைனஸ் 4. என்ன பண்றது?

பவர் லென்ஸ் போட்ட மாஸ்க் கிடைக்கும், இல்லனா சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கலாம், மாஸ்க் கழட்டுறப்ப கண்ண மூடிக்கணும். தண்ணிக்குள்ள எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசா, கிட்டக்க தெரியும், அதனால மீன் சைஸ் பத்தி யார் சொன்னாலும் நம்பாதீங்க.

பேர் வேணாம்: நடுவுல ஆக்சிஜன் சிலிண்டர் தீந்துட்டா?

அது ஆக்சிஜன் இல்லங்க, நாம இப்போ விடுற அதே காத்துதான், வடிகட்டி அழுத்தி அடைச்சது. சுத்தமான ஆக்சிஜன் 6 மீட்டருக்கு கீழ விஷம் மாதிரி, வலிப்பே வரலாம்.

தீருறது திடீர்னு நடக்காது. 200 பார்ல ஆரம்பிப்போம், மீட்டர் கண்ணு முன்னாடி இருக்கும், 50 மிச்சம் இருக்கும்போதே மேல வந்துடணும். அதையும் மீறி தீந்துட்டா கழுத்த அறுக்குற மாதிரி கைய காட்டினா பக்கத்துல இருக்கவர் அவரோட ஆக்டோபஸ்ஸ குடுப்பாரு, அதாவது ஒவ்வொருத்தர் கிட்டயும் இருக்கிற ரெண்டாவது வாய்க்குழாய். இத கோர்ஸ்ல சலிக்கிற வரைக்கும் பழக்குவாங்க. ரெகுலேட்டர் கெட்டுப்போனா கூட பெரும்பாலும் காத்து நிக்காது, கொட்ட ஆரம்பிக்கும், அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க.

சும்மா: சுறா?

பாத்தா சந்தோஷப்படுவீங்க. பெரும்பாலும் நம்ம குமிழி சத்தத்துக்கே அது திரும்பி போயிடும்.

மழைக்காலம்: சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்ப இல்ல. டைவ்வுக்கு முன்னாடி குடுக்குற ஹெல்த் ஃபார்ம்ல நோன்னு போட்டுடலாமா? எஸ் போட்டா விடமாட்டாங்கன்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

அந்த ஃப்ரெண்ட் உங்க கூட கீழ வரப்போறாரா? எஸ் போடுங்க, டாக்டர பாத்து எழுதி வாங்கிட்டு வாங்க, பலருக்கு ஓகே சொல்லியிருக்காங்க. மூச்சுக்குழாய் சுருங்கினா மேல வர்றப்ப காத்து உள்ளயே மாட்டும், மூச்ச அடக்குனா என்ன ஆகும்னு மேல சொன்னேனே அதேதான். கர்ப்பமா இருந்தா டைவ் வேண்டாம். பீரியட்ஸ்ல போலாமான்னு ரெண்டு பேர் தனியா கேட்டீங்க, உடம்பு நல்லா இருந்தா தாராளமா போலாம், சுறா வரும்ங்கிறதெல்லாம் கதை.

வேண்டாம்னு சொல்லத்தெரியாதவ: வீட்டுக்காரர் ரொம்ப நாளா டைவ் பண்றாரு. நீயும் வா வான்னு ஒரே கட்டாயம். எனக்கு ஆசையா பயமான்னே தெரியல. உள்ள போய் பாதில வேணாம்னு தோணுனா மத்தவங்க டைவ்வும் கெடுமேன்னு இருக்கு.

யார் வேணா, எப்ப வேணா, எந்த காரணத்துக்கும் டைவ்வ நிறுத்தலாம், ஏன்னு யாரும் கேக்கக்கூடாது. இது டைவிங்ல எழுதப்படாத சட்டம், 1000 டைவ் பண்ணவங்களுக்கும் இதேதான். கட்ட விரல மேல தூக்கி காட்டினா மேல போலாம்னு அர்த்தம். ஞாபகம் வச்சுக்கோங்க, அது சூப்பர்ங்கிற அர்த்தம் இல்ல. நல்லாருக்கேன்னா கட்ட விரலும் ஆள்காட்டி விரலும் சேத்து வட்டம். மீன பாத்த சந்தோஷத்துல கட்ட விரல காட்டி மேல இழுத்துட்டு வரப்பட்டவங்க நிறைய.

இன்னொன்னு, முதல் தடவ வீட்டுக்காரர் கூட போகாதீங்க. காசு கொஞ்சம் கூட ஆனாலும் தனியா ஒரு இன்ஸ்ட்ரக்டர் கேளுங்க, அவர் கிட்ட எனக்கு பயம்னு முதல் வார்த்தையா சொல்லிடுங்க. புருஷன் பொண்டாட்டி ஜோடிய நான் முதல் நாளே பிரிச்சுடுவேன், தண்ணிக்குள்ள பேச முடியாட்டியும் சண்டை மட்டும் எப்படியோ நடந்துடுது.

கப்பல்வாந்தி: போட்ல எனக்கு வாந்தி வரும். கீழ போனப்புறம் வந்தா?

ரெகுலேட்டர கழட்டாம அதுக்குள்ளயே எடுங்க, வெளிய போயிடும். வாந்தி முடிஞ்சதும் தானா பெருசா மூச்சு இழுப்போம், அப்ப வாயில ரெகுலேட்டர் இல்லனாதான் ஆபத்து. அப்புறம் ரெகுலேட்டர்ல காத்த பீச்சி விடுற பர்ஜ் பட்டன அழுத்தி சுத்தம் பண்ணிக்கலாம். மீனுங்க கூட்டமா வரும், ஏன்னு யோசிக்காதீங்க.

அவசரக்காரன்: டைவ் முடிஞ்ச அன்னைக்கே ராத்திரி ஃப்ளைட். ஓகேவா?

இல்ல. ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ரெண்டு மூணு டைவ், ரெண்டு மூணு நாள்னா 18. உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேறணும். டிக்கெட்ட மாத்துங்க, இல்ல டைவ்வ முன்னாடி நாள் வைங்க.

தக்கை: அக்கா நான்தான் முதல்ல கேட்டவன். நீச்சல் குளத்துல டெமோ போனேன், பயமே இல்ல, ஆனா கீழயே போக முடியல, எல்லாரும் இறங்கிட்டாங்க நான் மட்டும் மேல மிதந்துட்டே இருந்தேன். வெயிட் பத்தலன்னு இன்னும் 2 கிலோ கட்டி விட்டாங்க, அப்பவும் அப்படியேதான்.

பேர் பொருத்தம்! பாதி பேருக்கு இதுதான் நடக்கும், வெயிட் காரணமா இருக்காது. பயம் இல்லன்னு நீங்க சொல்றீங்க ஆனா நுரையீரல் நிறைய காத்த பிடிச்சு வச்சிருக்கீங்க, ரெண்டு பலூன் மாதிரி. அடுத்த தடவ பி.சி.டி.யோட, அதாவது காத்து அடைச்சு மிதக்க வைக்கிற அந்த ஜாக்கெட்டோட, குழாய நல்லா மேல தூக்கி காத்த விடுங்க, கால உதைக்காம சும்மா வைங்க, நின்ன நிலைல உதைச்சா மேலதான் தள்ளும். அப்புறம் நுரையீரல்ல இருக்கிற மூச்ச கடைசி சொட்டு வரைக்கும் ஊதி, தண்ணி கண்ண தாண்டுறத பாத்ததுக்கு அப்புறம் அடுத்த மூச்ச இழுங்க. அந்த 2 கிலோவ கழட்டச் சொல்லிடுங்க, தேவைப்படாது.