தலையில் நீர் கோத்திருக்கிறதா, மாத்திரை செய்த வேலையா?

கேள்வி: எனக்கு 36 வயது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறேன், அமாவாசைக்கும் பௌர்ணமிக்குமாக மாதம் 12 நாள். 15 வருடமாகத் தலைவலி. முன்பு மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் வரும். ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், வெளிச்சம் ஆகாது. இரண்டு வருடமாக அநேகமாகத் தினமும் வலிக்கிறது. தலையில் நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். ஆவி பிடித்தேன், கண்ணாடி மாற்றினேன், ஸ்கேனும் எடுத்தேன். ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். கடையில் தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டால்தான் கடலில் இறங்க முடிகிறது. இதற்குத் தீர்வே கிடையாதா?

பதில்: உண்டு, சகோதரி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மாத்திரை வரியில்தான் பாதி விடை இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த ‘ஒன்றும் இல்லை’. ஸ்கேனில் கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்பதே அதற்கு அர்த்தம். வலி இல்லை என்று அர்த்தமில்லை. ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், ஸ்கேனில் தெரியாது. நோயாளி சொல்லும் கதையை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம். ஒரு பக்கத் தெறிப்பு, வாந்தி, வெளிச்சம் ஆகாமை என்று பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்.

நீர் கோத்த கதையையும் பார்த்துவிடுவோம். தலை நனைகிற தொழில் என்பதால் எல்லாரும் கடல் தண்ணீர்மேல் பழி போடுகிறார்கள். மண்டைக்குள் அப்படித் தண்ணீர் ஏறாது. சைனஸில் சீழ் பிடித்தால் காய்ச்சல் வரும், மூக்கில் கெட்டியாக மஞ்சள் சளி ஒழுகும். மைக்ரேனிலும் மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வருவதுண்டு. அதனால்தான் பல பேர் வருடக்கணக்கில் சைனஸ் மருந்து சாப்பிடுகிறார்கள். ஆவி பிடிப்பதால் கெடுதல் இல்லை, அது இதமாக இருக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது மாத்திரை. பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியைத் தினசரியாக்கிவிடும். காஃபினும் எர்கோட்டமினும் சேர்த்துச் செய்த கலப்பு மாத்திரை என்றால் 10 நாளே போதும். ஒரு மாத்திரையின் வேகம் இறங்கும்போது மூளை அடுத்ததைக் கேட்கும். அப்படிக் கேட்பதுதான் வலி. என்னிடம் வந்த ஓர் அம்மாவிடம் ‘மாதம் எத்தனை போடுவீர்கள்?’ என்று கேட்டேன். ‘எப்பவாவதுதான்’ என்றவர், சுருக்குப்பையை மேசையில் கவிழ்த்தார். வெற்றிலை, சில்லறையோடு நான்கு காலி அட்டைகள் விழுந்தன. அவர் பொய் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் எண்ணுங்கள். வீட்டில் அமாவாசை, பௌர்ணமி பார்க்க மாதக் காலண்டர் தொங்குமே, அதிலேயே வலித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு, மாதவிலக்கு நாளுக்கு ஒரு புள்ளி. ஒரு மாதம் போட்டாலே பல விஷயம் புலப்படும்.

வலி வந்தபின் அடக்குவது ஒரு மருந்து, வராமல் தடுப்பது வேறு மருந்து. இத்தனை வருடத்தில் இரண்டாவதை யாரும் உங்களுக்குத் தரவில்லை என்று நினைக்கிறேன். அமிட்ரிப்டிலின், ப்ரொப்ரனலால் இரண்டும் பழைய, விலை மலிந்த மருந்துகள். அமிட்ரிப்டிலின் சீட்டைப் பார்த்ததும் ‘இது மனசு சரியில்லாதவங்க போடுறதாச்சே’ என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தலைவலிக்கு 10 மில்லிகிராம் போலக் குறைந்த அளவில், இரவில்தான் தொடங்குவோம். மறுநாள் தூக்கக்கலக்கம் இருந்தால் கடலில் இறங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரொப்ரனலால் ஆகாது. டோபிரமேட் என்று இன்னொன்று உண்டு. அது வியர்வையைக் குறைக்கும், வெயிலில் வேலை செய்யும் உங்களுக்கு அது என் முதல் தேர்வாக இருக்காது. கருவுற்றாலும் ஆகாது. எதைப் போட்டாலும் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். ‘பத்து நாள் போட்டேன், கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். வலிக்கும் நாட்கள் பாதியாகக் குறைந்தாலே மருந்து கேட்கிறது என்று பொருள். இவற்றுக்கெல்லாம் அடங்காவிட்டால் போட்டாக்ஸ் ஊசியும் புதிய ஊசி மருந்துகளும் இருக்கின்றன. விலை அதிகம்; அந்தக் கட்டம் உங்களுக்கு இன்னும் வரவில்லை.

தொழிலிலும் கொஞ்சம் மாற்ற வேண்டும். விடியுமுன் வெறும் வயிற்றில் ஒரு காப்பியோடு கிளம்புவது மைக்ரேனுக்குத் தாம்பூலம் வைப்பது மாதிரி. இரண்டு இட்லியோ, ஒரு வாய் நீராகாரமோ, ஏதாவது உள்ளே போகட்டும். படகில் குடிதண்ணீர் இருக்கட்டும். மூழ்கும்போது போடும் முகக்கண்ணாடியின் ரப்பர் பட்டையை நெற்றி வலிக்கும்படி இறுக்காதீர்கள். அந்த அழுத்தமே சிலருக்கு வலியைக் கிளப்பும். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்கு, படகில் இருக்கும் நேரத்திலாவது தொப்பி போடுங்கள். பார்வை மங்கினாலோ கண்முன் மின்னினாலோ அன்றைக்கு மூழ்கக் கூடாது.

இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் விழுதல், பேச்சுக் குழறல், மூழ்கும்போதோ இருமும்போதோ மட்டும் புதிதாகக் கிளம்பும் வலி: இவற்றில் எது வந்தாலும் பழைய தலைவலிதானே என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொதுமருத்துவப் பிரிவில் காட்டுங்கள். காலண்டர் தாளையும் காலி அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். தடுப்பு மருந்தைத் தொடங்கிக்கொண்டு கடை மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தியதும் 2 முதல் 10 நாள் வரை வலி கூடும். வாந்தியும் தூக்கமின்மையும் வரலாம். அந்த நாட்களுக்கு வேறு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமாவாசைப் பாசி முடிந்து கரையேறிய மறுநாளே நிறுத்துவது உங்களுக்குத் தோது. பௌர்ணமிப் பாசி தொடங்க அதன்பின் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்.