தாடி வாடகை போக 13 டாலர்

கேள்வி: ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். முதல் எட்டு சீசன்களும் தங்கம். தலைமையாசிரியர் ஸ்கின்னர் உண்மையில் ஓர் ஆள்மாறாட்டக்காரர் என்று 1997-இல் ஒரு கதையைக் காட்டினார்களே, அன்றே தொடர் செத்துவிட்டது. நானும் அத்துடன் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பிறகு வந்தவை அத்தனையும் குப்பை. எல்லாவற்றிலும் உச்சம் மோனோரயில் எபிசோடு. நிமிடத்துக்கு நிமிடம் சிரிப்பு அதில்தான். அதில் வரும் இந்தியக் கடைக்காரர் அபுவின் குரலை நிறுத்தியது வீண் கெடுபிடி. என் தரவரிசையை ஏற்றுக்கொள்வீர்களா? (வாசகர் ஒருவரின் நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

பதில்: ஏற்கவில்லை. தரவரிசையையும் ஏற்கவில்லை, அதை நீங்கள் போட்ட விதத்தையும் ஏற்கவில்லை.

“பார்ப்பதை நிறுத்திவிட்டேன்” என்று எழுதிய கை, அடுத்த வரியிலேயே “அத்தனையும் குப்பை” என்று எப்படி எழுதியது? நீங்கள் குறிப்பிடும் எபிசோடு 1997 செப்டம்பர் 28 அன்று ஒளிபரப்பானது. அதற்குப் பிறகு 500-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் வந்துவிட்டன. பார்க்காததைப் பற்றி ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருந்தால் உங்கள் கடிதத்தின் மதிப்பு கூடியிருக்கும். ஒரு பக்கமும் புரட்டாத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதி அனுப்பினால் இந்த அலுவலகத்தில் அதை வெளியிட மாட்டோம். கார்ட்டூனுக்கும் அதே நியாயம்தான்.

மோனோரயிலுக்கு வருகிறேன். 1993 ஜனவரி 14 அன்று வந்த எபிசோடு. கோனன் ஓ’பிரையன் எழுதியது. ஊருக்குக் கிடைத்த அபராதப் பணத்தை என்ன செய்வது என்று கூட்டம் போடுகிறார்கள். பிரதான சாலையைச் சரிசெய்யலாம் என்கிறார் சிம்ப்சன் குடும்பத்துத் தாய் மார்ஜ். ஊரும் ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது. அந்த நேரத்தில் வாய்ச்சாலகன் ஒருவன் எழுந்து பாட்டாகப் பாடி, யாருக்கும் தேவைப்படாத ரயிலை ஊரார் தலையில் கட்டிவிடுகிறான். நல்ல எபிசோடு, சந்தேகமே இல்லை. ஆனால் சிரிப்பை எண்ணித் தரம் பிரிக்கும் உங்கள் அளவுகோலை என்னால் ஏற்க முடியாது. இந்தத் தொடரின் அஸ்திவாரம் மாதச் சம்பளக் குடும்பத்தின் பணக்கவலை. அதை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், கையில் மிஞ்சுவது வெறும் துணுக்குகள்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989 டிசம்பர் 17. கிறிஸ்துமஸுக்கென்று மார்ஜ் சேர்த்துவைத்த பணம், மகன் பார்ட் குத்திக்கொண்ட பச்சையை அழிக்கவே தீர்ந்துவிடுகிறது. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் கணவர் ஹோமருக்கு போனஸும் இல்லை. அதை வீட்டில் சொல்ல வாய் வராமல், கடைத் தெருவில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடப் போகிறார். கடைசி நாளில் சம்பளக் காசோலை கைக்கு வருகிறது. சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், வேலையின்மைக் காப்பீட்டுப் பிடித்தம், தாத்தாவாக நடிக்கப் பயிற்சி கொடுத்ததற்குப் பிடித்தம், உடைக்குப் பிடித்தம், தாடிக்கு வாடகை. எல்லாம் போகக் கையில் 13 டாலர். தாடிக்கு வாடகை பிடிக்கும் முதலாளியை எழுதியவர்கள், தங்கள் சம்பளச் சீட்டை வரி வரியாகப் படித்து வயிறெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த 13 டாலரை நாய்ப் பந்தயத்தில் கட்டி அதையும் தோற்கிறார் ஹோமர். கடைசியாக ஓடிவந்ததற்காகச் சொந்தக்காரன் விரட்டிவிட்ட நாய் அவர் மேல் வந்து தாவுகிறது. பரிசுப் பொருள் ஒன்றும் இல்லாமல் வீடு திரும்பும் தகப்பனுக்கு அந்த நாயே பரிசாகிவிடுகிறது. இந்த எபிசோடு உங்கள் பட்டியலில் எந்த இடத்திலும் இல்லை.

மோனோரயிலுக்கு இரண்டு மாதம் கழித்து, 1993 மார்ச் 11 அன்று, அதே சீசனில் வந்த வேலைநிறுத்த எபிசோடை 14-ஆவது இடத்தில் வைத்திருக்கிறீர்கள். முதலாளி பர்ன்ஸ் தொழிலாளர்களின் பல் மருத்துவக் காப்பீட்டைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு பீப்பாய் பீர் தருகிறார். எல்லோரும் பீப்பாயை நோக்கி ஓடுகிறார்கள். வரிசையில் நிற்கும் ஹோமரின் தலைக்குள் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்கின்றன: ‘பல் காப்பீடு’ என்று ஒன்று, ‘லிசாவுக்குப் பல்லில் கிளிப் போட வேண்டும்’ என்று மனைவியின் குரல் இன்னொன்று. இரண்டையும் முடிச்சுப் போட அவருக்கு அத்தனை நேரம் பிடிக்கிறது. நீங்கள் இதை ‘நல்ல நகைச்சுவை’ என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். மகளின் பல் மருத்துவச் செலவு ஒரு மந்த புத்திக்காரனைத் தொழிற்சங்கத் தலைவனாக்கும் கதை அது. தீர்வும் இலவசமாகக் கிடைப்பதில்லை: ஹோமர் தலைவர் பதவியிலிருந்து விலகினால்தான் காப்பீட்டைத் திருப்பித் தருவேன் என்கிறார் பர்ன்ஸ்.

என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 1995 ஜனவரி 22 அன்று வந்த எபிசோடு. ஆல்பத்தைப் புரட்டும் பிள்ளைகள், கைக்குழந்தை மேகியின் படம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்கிறார்கள். ஹோமர் பழைய கதையைச் சொல்கிறார். கடன் எல்லாம் அடைந்த கையோடு அணுமின் நிலைய வேலையை உதறிவிட்டு, தனக்குப் பிடித்த பௌலிங் கூடத்தில் சிறிய வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்போது மார்ஜ் மூன்றாவது முறையாகக் கருவுற்றார். கூடத்துச் சம்பளம் போதவில்லை. அவமானப்படுத்திவிட்டு வந்த முதலாளியிடமே திரும்பப் போய் மண்டியிட்டு வேலை கேட்க வேண்டியதாயிற்று. பர்ன்ஸ் வேலை கொடுத்தார். கூடவே ஹோமரின் மேசைக்கு எதிரே ஒரு பலகையையும் மாட்டச் செய்தார்: ‘மறந்துவிடாதே, நீ என்றென்றைக்கும் இங்கேதான்.’

சரி, மேகியின் படங்கள் எங்கே? எனக்குத் தெம்பு எங்கே தேவைப்படுகிறதோ அங்கே வைத்திருக்கிறேன் என்கிறார் ஹோமர். கடைசிக் காட்சியில் அந்தப் பலகையைக் காட்டுகிறார்கள். அதன்மேல் குழந்தையின் படங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆங்கில எழுத்துகளில் சிலவற்றைப் படங்கள் மறைத்துவிட, மிச்சமிருக்கும் எழுத்துகள் சேர்ந்து ‘அவளுக்காகச் செய்’ என்று நிற்கின்றன. வசனம் இல்லை, விளக்கம் இல்லை. பிடிக்காத வேலைக்குக் காலையில் கிளம்பிப் போகும் யாரும் இதைப் பார்த்துவிட்டு எளிதில் எழுந்து போய்விட முடியாது. இதற்கு நீங்கள் கொடுத்த இடம் 31. எதிரே எழுதியிருக்கும் குறிப்பு: ‘சிரிப்பு குறைவு’. உங்கள் நான்கு பக்கத்தில் என்னை வருத்தப்பட வைத்த இரண்டு சொற்கள் அவை.

ஸ்கின்னர் விஷயத்தில் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எட்டு சீசன்களாகத் தாய்க்குப் பயந்த பிள்ளையாக, வியட்நாம் போர் நினைவுகளைச் சுமப்பவராக வளர்த்த ஒரு மனிதரை, ‘இவர் வேறு யாரோ’ என்று ஒரே அரை மணி நேரத்தில் கலைத்தது தவறு. அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷியரரே அதை வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். ஆனால் முடிவை மறுபடியும் பாருங்கள். உண்மையான ஸ்கின்னர் திரும்பி வருகிறார். ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவரை ரயிலில் கட்டி வெளியே அனுப்பிவிட்டு, நடந்ததை இனி யாரும் பேசக்கூடாது, பேசினால் சித்திரவதை என்று நீதிபதி உத்தரவு போடுகிறார். எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களைப் பற்றியே எழுதினேன் என்று அதை எழுதிய கென் கீலர் பின்னாளில் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தால் எபிசோடு எனக்கு உயர்ந்துவிடவில்லை. ஆனால் அவர் யாரைச் சொன்னாரோ, அவர்களுடைய பிடிவாதம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது.

மாற்றத்தைச் சரியாகச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1995 அக்டோபர் 15 அன்று வந்த எபிசோடில் லிசா இறைச்சியை விட்டுவிடுகிறாள். அதில் குரல் கொடுத்த ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி, அவள் கடைசிவரை சைவமாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அது இன்றுவரை காப்பாற்றப்படுகிறது. அந்த எபிசோடில், எல்லோரிடமும் சண்டை போட்டுவிட்டு வரும் சிறுமிக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுப்பவர் கடைக்காரர் அபு. விலங்கிலிருந்து வரும் எதையுமே, பாலாடைக்கட்டியைக்கூட, நான் தொடுவதில்லை. ஆனாலும் என் நம்பிக்கையை அடுத்தவர் மேல் திணிப்பதில்லை என்கிறார்.

அந்த அபுவைப் பற்றித்தான் ‘வீண் கெடுபிடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அபுவை எழுதியவர்கள் அவரை மதித்தார்கள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1996-இல் வந்த எபிசோடில் அவர் குடியுரிமைத் தேர்வுக்குப் போகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு என்ன காரணம் என்று கேட்டால், பொருளாதாரம், அரசியல் என்று விரிவாக அடுக்கத் தொடங்குகிறார். அதிகாரி இடைமறித்து, ‘அடிமை முறை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்’ என்கிறார். அந்த நாட்டில் பிறந்தவர்களைவிட அதை ஆழமாகப் படித்த குடியேறியின் சித்திரம் அது.

ஆனால் அந்த மனிதருக்குக் குரல் கொடுத்தவர் இந்தியர் அல்லாத ஹேங்க் அசாரியா. இழுத்து நீட்டிய அந்தப் பேச்சே கேலிக்குரியதாகிவிட்டது. பாத்திரத்தின் அறிவு திரையோடு நின்றது. உச்சரிப்பு மட்டும் பள்ளிக்கூடங்களுக்குள் போய், அங்கே படித்த இந்தியப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஒலித்தது. இதை 2017-இல் ஓர் ஆவணப்படத்தில் கேட்டவர் இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு, இதே தொடரை நேசித்து வளர்ந்தவர். அசாரியா அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொண்டு, இனி அபுவுக்குக் குரல் தரமாட்டேன் என்று 2020 ஜனவரியில் அறிவித்தார். யாரும் அவர் வாயைக் கட்டவில்லை. அடி வாங்காதவர் ‘வலிக்காது’ என்று சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

இந்த விவகாரத்தில் நான் குறை சொல்வது 2018 ஏப்ரலில் வந்த எபிசோடைத்தான். அன்று பாராட்டப்பட்டது இன்று தவறாகிவிட்டது, என்ன செய்வது என்று லிசாவையே சொல்லவைத்தார்கள். ஊரே கைவிட்டாலும் நியாயம் கேட்கும் எட்டு வயதுச் சிறுமி அவள். அவள் வாயில் அந்த அலுப்பை வைத்தது, ஸ்கின்னருக்குச் செய்ததைவிடப் பெரிய துரோகம். நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் கோபத்துக்கு நல்ல தீனி அங்கே கிடைத்திருக்கும்.

உங்களைப் போன்ற ரசிகருக்குத் தொடரே ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறது. அதுவும் நீங்கள் தங்கம் என்று சொல்லும் காலத்தில், 1997 பிப்ரவரி 9 அன்று. தொடருக்குள் ஓடும் இன்னொரு கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, ‘இதுவரை வந்ததிலேயே மட்டமான எபிசோடு’ என்று புலம்பும் காமிக்ஸ் கடைக்காரரிடம் பார்ட் கேட்கிறான்: இத்தனை ஆயிரம் மணி நேரம் இலவசமாகச் சிரிக்கவைத்தார்களே, அவர்கள் உனக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? நான் பார்ட் பக்கம் இல்லை. பார்வையாளன் தன் நேரத்தைக் கொடுக்கிறான். ‘இது சரியில்லை’ என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. எந்தக் காட்சி, ஏன் சரியில்லை என்று சொல்ல வேண்டிய கடமையும் கூடவே வருகிறது.

எண்ணிக்கையில் பார்த்தால் பிற்கால எபிசோடுகளில் சுமாரானவை அதிகம், மறைக்கவில்லை. ஹோமரின் அசட்டுத்தனம் பல இடங்களில் வெறும் முரட்டுத்தனமாகிவிட்டது. விருந்தினர்களாக வரும் பிரபலங்கள் கதையை அடைத்துக்கொண்டார்கள். ஆனாலும் 2011 டிசம்பர் 11 அன்று வந்த ஒன்று இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்து நடக்கும் கிறிஸ்துமஸ். பார்ட் மணமுறிவு பெற்றவன், இரண்டு மகன்களுக்குத் தகப்பன். லிசாவுக்குப் பேச்சே கொடுக்காத மகள். அண்ணனும் தங்கையும் பழைய மரவீட்டில் ஏறி உட்கார்ந்து குடித்துக்கொண்டே, தங்கள் பிள்ளைகளுக்குத் தங்களைப் பிடிக்கவில்லை என்று ஒருவரிடம் ஒருவர் ஒப்புக்கொள்கிறார்கள். சிறு வயதில் அடித்துக்கொண்ட அதே மரவீடு. 2022 பிப்ரவரி 27 அன்று வந்த இன்னொன்றில், ஹோமரும் மார்ஜும் பனிக்காட்டில் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் இல்லை, ஊர் இல்லை. எபிசோடின் பெரும்பகுதியில் அந்த இரண்டு பேர் மட்டும்தான். முப்பது ஆண்டு பழகிய கணவன் மனைவியிடம் இன்னும் பேச விஷயம் இருக்கிறது என்று காட்டிய எபிசோடு.

இந்த இரண்டையும் பாருங்கள். பிறகும் குப்பை என்று தோன்றினால், எந்தக் காட்சியில் அப்படித் தோன்றியது என்று எழுதுங்கள். நான்கு பக்கமானாலும் வெட்டாமல் வெளியிடுகிறேன்.