சித்தப்பாவின் பிரஸ் எங்கே?

அன்புள்ள சார்,

உங்கள் கதைகளை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். இது இலக்கியக் கடிதம் இல்லை, மன்னிக்கவும். ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் குழுவில் பல வருடம் இருந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

நான் 2021இல் மெக்கானிக்கல் முடித்தேன். ஊர் சிவகாசி. வேலை கிடைக்காததால் சித்தப்பாவின் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருக்கிறேன். இப்போது நாலு கலர் மெஷினை நானே ஓட்டுவேன். முன்பு மெஷினில் ஒரு அச்சு வேலையிலிருந்து அடுத்ததுக்கு மாற்றினால் முந்நூறு ஷீட் வேஸ்ட் போகும், இப்போது நூற்றிருபதுக்குள் முடித்துவிடுகிறேன். ஆனால் இதையெல்லாம் யார் அனுபவம் என்று எடுத்துக்கொள்வார்கள்? நூற்றைம்பது இடத்துக்காவது ரெஸ்யூம் அனுப்பியிருப்பேன். ஒரு போன்கூட வரவில்லை. பணம் கொடுத்தால் இரண்டு வருட சாஃப்ட்வேர் அனுபவம் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நண்பர்கள் இரண்டு பேர் அப்படித்தான் சேர்ந்தார்கள். என் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். என்ன தப்பு என்று சொல்வீர்களா? பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை தேடிக்கொண்டு போனது சித்தப்பாவின் பிரஸ்ஸை. எங்கும் இல்லை. 2021க்குப் பிறகு வெற்றிடம். உங்கள் மதம், அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், ஆதார் எண் எல்லாம் இருக்கின்றன. பாட்டு கேட்பது பிடிக்கும் என்று இருக்கிறது. தினமும் பத்து மணி நேரம் நீங்கள் முன்னால் நிற்கிற மெஷின் மட்டும் இல்லை.

நம் ஊர் ரெஸ்யூம்களின் பெரிய கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன். நாம் எழுதுவது ரெஸ்யூம் இல்லை, பயோடேட்டா. கல்யாணத் தரகரிடம் கொடுக்கிற தாளும் கம்பெனிக்குக் கொடுக்கிற தாளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன, ராசி நட்சத்திரம்தான் பாக்கி. யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறோம், என்ன செய்தோம் என்று சொல்வதில்லை. ஆதார் எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். முகம் தெரியாத நூற்றைம்பது பேர் கையில் அது இருக்கக் கூடாது. போட்டோவும் இங்கே தேவையில்லை. வளைகுடா வேலைக்கு அனுப்பினால் கேட்பார்கள், அப்போது வைத்துக்கொள்ளலாம்.

மேஜைக்கு இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் எடுப்பவரின் நிலைமையையும் சொல்கிறேன். டீ குடித்துவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்துக்குள் அறுபது ரெஸ்யூம் பார்த்த நாட்கள் எனக்கு உண்டு. அமெரிக்காவில் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம், ஆள் எடுப்பவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஒரு ரெஸ்யூமின் மேல் முதல் பார்வை சராசரியாக 7.4 விநாடி. என் அனுபவத்தில் அதுவே தாராளம். அந்த ஏழு விநாடியில் நீங்கள் காட்டுவது 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைக்க விரும்புகிறேன்' என்ற நாலு வரி. அந்த நாலு வரியை நான் ஆயிரம் முறையாவது பார்த்திருப்பேன், ஒரு முறைகூடப் படித்ததில்லை. ஒரே கல்லூரியிலிருந்து வந்த முப்பது பேரிடம் எழுத்து மாறாமல் அதே நாலு வரி இருந்தது. அதில் ஒருவர் மேலே 'உங்கள் பெயர்' என்று மாதிரியில் இருந்ததையும் அப்படியே விட்டிருந்தார்.

நானும் யோக்கியன் இல்லை. என் முதல் ரெஸ்யூமை ஜாப் டைப்பிங் கடைக்காரர்தான் அடித்துக் கொடுத்தார், அவரிடம் இருந்த மாதிரியில். இன்டர்வியூவுக்குப் போனால் வரிசையில் உட்கார்ந்திருந்த நாலு பேரின் பலமும் 'கடின உழைப்பு, தன்னம்பிக்கை'. நாலு பேரும் அதே கடை.

அப்புறம் திறமைகளுக்கு நேரே போட்டிருக்கிற அந்த நட்சத்திரங்கள். ஆட்டோகேடுக்கு ஐந்துக்கு நாலு, ஜாவாவுக்கு மூன்று. யார் போட்ட மார்க் இது? ஜாவா உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தால் கடிதத்தில் சொல்லியிருப்பீர்கள். தெரியாததை எழுதினால் இன்டர்வியூவில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும், அது என்ன ராசியோ.

இரண்டு பத்தியாகப் பிரித்து, ஓரத்தில் நீலப் பட்டை வைத்த அந்த டிசைன் அழகுதான். ஆனால் பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் வாங்கிக்கொள்வது மென்பொருள். அதில் சில, இடது பத்தி வரியையும் வலது பத்தி வரியையும் சேர்த்துப் படித்துக் கூட்டுக்கறி ஆக்கிவிடும். மென்பொருளே தூக்கிப் போட்டுவிடுகிறது என்று பலரும் பயமுறுத்துவார்கள், பாதி கட்டுக்கதை. நடப்பது சாதாரணம். ஆள் எடுப்பவர் 'ஆஃப்செட்' என்று தேடுகிறார், உங்கள் ஃபைலில் அந்தச் சொல் இல்லை, அல்லது சிதைந்து கிடக்கிறது. நீங்கள் பட்டியலில் வரமாட்டீர்கள். ஒற்றைப் பத்தி, ஒரே பக்கம் போதும்.

ஒரு எழுத்துப்பிழை. ஆங்கிலத்தில் மேனேஜர் என்று எழுத வந்தவர் நடுவில் ஓர் எழுத்தை விட்டு 'மேஞ்சர்' ஆக்கியிருக்கிறீர்கள். மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டி. அதுவும் ஒரு சொல் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. அச்சகக்காரருக்கு புரூஃப் பார்ப்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது பிரஸ். உங்கள் ரெஸ்யூமின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: 'நாலு கலர் ஆஃப்செட் மெஷின் இயக்குகிறேன். வேலை மாற்றும்போது வீணாகும் ஷீட் 300இலிருந்து 120ஆகக் குறைந்திருக்கிறது.' எப்படிக் குறைத்தீர்கள் என்பதை அடுத்த வரியில் நீங்கள்தான் எழுத வேண்டும். மை அளவைப் பழைய வேலையிலிருந்து குறித்து வைத்தீர்களா, நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று ரெஜிஸ்டர் பார்க்கிற முறையை மாற்றினீர்களா? கூப்பிடுகிறவர் அதைத்தான் கேட்பார். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்ததிலிருந்து டிசம்பர் வரை உங்கள் ஊர் எப்படி ஓடும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்தச் சீசனில் எத்தனை ஷிஃப்ட், எத்தனை பேரை வைத்துச் சமாளித்தீர்கள் என்பதும் எழுதலாம். பேக்கேஜிங் கம்பெனிகளுக்கும் பிரிண்டிங் மெஷின் சர்வீஸ் செய்கிறவர்களுக்கும் அனுப்புங்கள். நூற்றைம்பது வேண்டாம், பதினைந்து போதும். கல்லூரி புராஜெக்ட் காசு கொடுத்து வாங்கியது என்றால் அதை எடுத்துவிடுங்கள்.

சொந்தக்காரர் கடை என்பதில் கூச்சம் வேண்டாம். லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதியோடு ஒரு கடிதம் வாங்குங்கள். சம்பளம் கையில் வாங்குகிறீர்கள் என்றால் அடுத்த மாதத்திலிருந்து வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். 20 பேருக்குக் குறைவான இடமாக இருந்தால் பி.எஃப். இல்லாமல் இருக்கலாம், அதில் தவறில்லை.

பொய் அனுபவம் விஷயம். இல்லாத வேலையைக் காட்ட பே ஸ்லிப் அடித்துவிடலாம், பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி அடிப்பது சுலபம் இல்லை. சரிபார்க்கிறவர்கள் பி.எஃப்.புக்கான யு.ஏ.என். எண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள், கூடவே சம்பளத்தில் வரி பிடித்ததற்குக் கம்பெனி தருகிற சான்றான ஃபார்ம் 16. சேர்ந்து ஆறு மாதம் கழித்து முடிவு வந்து, மதியம் மூன்று மணிக்கு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஒரு பையனை வாசல்வரை கொண்டுபோய் விட்ட வேலையை நான் செய்திருக்கிறேன். நல்ல பையன். லிஃப்டில் இறங்கும்போது, வீட்டுக்கு என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டான்.

இவ்வளவையும் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ரெஸ்யூமில் இருந்த எண்ணை அழுத்தினேன், போகவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது.

அன்புடன்